முந்திக்கொண்ட நூலக்கா

அந்த அழகு நிலையத்தில் மூன்று நாற்காலிகள் உண்டு. முடி வெட்ட ஒன்று, முகத்துக்குப் பூச்சு போட ஒன்று, கண்ணாடிச் சுவரை ஒட்டி ஓரமாகக் கிடக்கும் மூன்றாவது நூலக்காவுக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மாதாமாதம் சம்பளம் போடுகிற முதலாளியம்மாவுக்கே அது சட்டென்று நினைவுக்கு வராது. நூலால் புருவம் திருத்திக்கொள்ள வருகிறவர்கள் கதவைத் திறக்கும்போதே "நூலக்கா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். அவள் கை பட்டுப் பழகிய புருவத்தை இன்னொருத்தியிடம் கொடுக்க யாருக்கும் மனசு வராது.

அவள் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்கிற பழைய ரகம். இப்போது வருகிற சின்னப் பெண்கள் நூலைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அது சுத்தம், பல்லுக்கும் நல்லது. முதலாளியம்மாவும் சொல்லிப் பார்த்துவிட்டாள். நூலக்கா கேட்கவில்லை. பல்லில் இருந்தால்தான் நூல் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது அவள் கட்சி. அதன் பலனாக அவளுடைய முன்பற்கள் இரண்டிலும் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கிறது. பல்லில் நூலும் விரல்களில் நூலுமாக நிற்கும்போது பேச முடியாது. "ம்" சொல்லலாம், அவ்வளவுதான். அந்த "ம்"மிலேயே ஆறுதல், ஆச்சரியம், அடப்பாவமே எல்லாவற்றையும் சொல்லப் பழகியிருந்தாள்.

கண்ணை மூடிப் படுக்கவைத்தால் மனிதர்களுக்கு ஏன் வாய் திறந்துகொள்கிறது என்று தெரியவில்லை. மாமியார் கொடுமையிலிருந்து மாதவிடாய் நின்றது வரை எல்லாம் அந்த மூன்றாவது நாற்காலியில்தான் வெளியே வரும். சமீப காலமாக எல்லோரும் பேசுவது ஒன்றே ஒன்று: பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம்.

நூலக்கா முதன்முதலில் அதைக் கேட்ட நாளில் அவள் மகள் பள்ளியின் கடைசி வருடத்துக்கு முந்தின வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். மருந்துக்கடை அம்மா படுத்திருந்தாள். "கடைசி வருஷம் வந்ததும் பாத்துக்கலாம்னு இருந்தா போச்சு, நூலக்கா. எல்லாரும் அதுக்கு முந்தின வருஷமே ஆரம்பிச்சுடறாங்க. மார்க் மட்டும் போதாதாம். பிள்ளை வேற என்னல்லாம் பண்ணுதுன்னு பாக்கறாங்களாம்" என்றாள். நூலக்கா "ம்?" என்றாள். என்னவெல்லாம் செய்ய வேண்டும், எவ்வளவு நாள், யாரிடம் காட்ட வேண்டும் என்று கேட்க நூறு கேள்வி இருந்தது. பல்லில் நூல். புருவம் முடிந்து நூலை எடுப்பதற்குள் பேச்சு கடையில் வேலைக்கு இருந்த பையன் ஓடிப்போன கதைக்குத் தாவிவிட்டது.

அந்தப் பேச்சு அவளை விடாமல் துரத்தியதற்குக் காரணம் இருந்தது. அவளும் ஒரு காலத்தில் நன்றாகப் படித்தவள்தான். பள்ளியை முடித்த கையோடு கல்லூரிக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. அவளுடைய அப்பா ஒரு காகித ஆலையில் கட்டு கட்டுகிறவர். விண்ணப்பம் என்று ஒன்று இருப்பதும் அதற்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருப்பதும் அந்த மனுஷருக்குத் தெரிந்தபோது தேதி போய்விட்டிருந்தது. அவளை அழைத்துக்கொண்டு கல்லூரி வாசல் வரை போனார். காவலாளி உள்ளே விடவில்லை. "அடுத்த வருஷம் போட்டுக்கலாம்மா, ஒரு வருஷம்தானே" என்று சொல்லி, அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் அவளை இந்த அழகு நிலையத்தில் சேர்த்துவிட்டார். அந்த வருடம் இன்னும் முடியவில்லை. யார்மேலும் அவளுக்குக் கோபம் இல்லை என்று சொல்லிக்கொள்வாள். அது சுத்தப் பொய். நேரத்தின்மேல் அவளுக்குத் தீராத கோபம் இருந்தது. தன் மகளுக்கு மட்டும் அது ஒருபோதும் பிந்தக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. நாற்காலியில் யார் எதைச் சொன்னாலும் மகள் தலையில் வந்து விடியும். வங்கியில் வேலை பார்க்கிற அம்மா, இசை தெரிந்த பிள்ளை என்றால் தனி மதிப்பு என்றாள். மகள் கீபோர்டு வகுப்பில் சேர்ந்தாள். நாலைந்து மாதம் கழித்து அதே வங்கி அம்மா, கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துக் கல்லூரிக்காரர்களுக்குச் சலித்துவிட்டதாம், இனி விளையாட்டுதான் என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டுத் தும்மினாள். மகள் நீச்சலிலும் சேர்ந்தாள். காதில் தண்ணீர் புகுந்து இரண்டு வாரம் வலியில் துடித்தாள், போவதை நிறுத்தவில்லை. சேவை செய்திருக்க வேண்டும் என்று ஒருத்தி சொல்ல, சனிக்கிழமைகளில் முதியோர் இல்லம். மேடையில் பேசத் தெரிய வேண்டும் என்று இன்னொருத்தி சொல்ல, ஞாயிற்றுக்கிழமை பேச்சுப் பயிற்சி.

நூலக்காவின் கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். ஒரு தடவை வந்தவன், மகள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, இவளைப் படிக்க அனுப்பறியா, பட்டாளத்துக்கு அனுப்பறியா?" என்று கேட்டான். நூலக்கா அவனைப் பார்த்த பார்வையில் மிச்சச் சோற்றைப் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போனான்.

மகள் மட்டும் எதற்கும் மறுப்பு சொன்னதில்லை. "சரிம்மா" என்பாள். நீச்சலுக்கும் "சரிம்மா", முதியோர் இல்லத்துக்கும் "சரிம்மா". எல்லா வகுப்பிலும் கொடுத்த சான்றிதழ்களை நூலக்கா ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் துணி அலமாரியில் வைத்திருந்தாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை கிடைத்ததற்குப் பெருமையும் பட்டாள். இதில் பயப்பட ஏதாவது இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வருடம் முடியும் தறுவாயில், பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மருந்துக்கடை அம்மா மறுபடியும் வந்து படுத்தாள். இந்த முறை சொன்னதுதான் தலையில் இடி. செலவு முழுவதையும் கல்லூரியே ஏற்றுக்கொள்கிற இடங்கள் சில உண்டு. நூலக்கா குடும்பத்துக்கு அப்படி ஒரு இடம் கிடைத்தால்தான் கல்லூரி, இல்லையென்றால் இல்லை. அந்த இடத்துக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர் தன் கைப்படப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தர வேண்டுமாம். அதிலும் அறிவியல் ஆசிரியர் எழுதினால்தான் மதிப்பு. இரண்டு பெண்களும் படிக்கிற பள்ளியில் அதை எழுதத் தெரிந்தவர் உயிரியல் டீச்சர் ஒருவர்தான். அவரோ விரல்விட்டு எண்ணக்கூடிய பேருக்குத்தான் எழுதுவார். விடுமுறைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். "என் பொண்ணுக்கு எழுதறேன்னு சொல்லிட்டாங்க. இனிமே இடம் இருக்கான்னே தெரியலை" என்றாள் மருந்துக்கடை அம்மா.

நூலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை ஓட்டம் ஓடி, இத்தனை முன்னால் கிளம்பி, கடைசியில் இதையா கோட்டை விடுவது? வீட்டுக்குப் போய், டீச்சரிடம் கடிதம் கேட்டாயா என்று மகளைக் கேட்டாள். "கேட்டேன்மா. பாக்கலாம்னு சொன்னாங்க" என்றாள் மகள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது நூலக்காவுக்குத் தெரியும். அவளே எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

உயிரியல் டீச்சரும் அவளுடைய வாடிக்கைதான். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வருவார். பேசமாட்டார், கண்ணை மூடினால் குட்டித் தூக்கம் போடுகிற அபூர்வப் பிறவி. பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்க நூலக்காவுக்குத் தைரியம் இல்லை. அங்கே டீச்சர் உட்கார்ந்திருப்பார், இவள் கைகட்டி நிற்க வேண்டும். வாயில் வார்த்தை வராது. இங்கே அவர் படுத்திருப்பார்.

நாற்காலியில் படுத்தவரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். கண்ணை மூடிக்கொண்டு முகத்தை உன்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிற ஒருத்தியிடம் உதவி கேட்பது கழுத்தைப் பிடித்துக் கேட்பதற்குச் சமம். புதிதாக வருகிற பெண்களுக்கு இதை அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் அதையும் விடக் கேவலமான ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒரு புருவத்தை முடித்துவிட்டு, மற்றதைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். ஒரு புருவம் திருத்தி ஒரு புருவம் திருத்தாத பெண் எழுந்து போக முடியாது.

டீச்சர் வந்தார், படுத்தார், இமையை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். இடப் புருவம் முடிந்தது. நூலக்கா நூலைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

"முடிஞ்சுதா?" என்று டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"இன்னொண்ணு இருக்கு டீச்சர். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்." நூலை விரலில் சுற்றிக்கொண்டாள். "என் பொண்ணுக்கு நீங்க கடிதம் எழுதித் தரணும். வேற வழி இல்லை. உங்க கால்ல வேணா விழறேன்."

டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் ஒரு புருவம் வில்லாகவும் இன்னொன்று புதராகவும் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உங்க பொண்ணே வந்து கேட்டா. நல்ல மார்க் வாங்கறா, தெரியும். ஆனா மார்க்கை நான் எழுத வேண்டியதில்லையே, அவங்களுக்கே தெரியும். பிள்ளை எப்படிப்பட்டதுன்னுதான் கேப்பாங்க. எனக்கு அவளைத் தெரியாதே, நூலக்கா. நீங்க சொல்லுங்க. எப்படிப்பட்ட பொண்ணு?"

நூலக்கா வாயைத் திறந்தாள். நூல் இல்லை, ஒன்றும் இல்லை, தாராளமாகப் பேசலாம். கீபோர்டு, நீச்சல், முதியோர் இல்லம் என்று வரிசையாக மனசில் ஓடியது. அதையா கேட்கிறார்? வங்கி அம்மாவின் மகன் விளக்கை அணைத்தால் தூங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். முதலாளியம்மாவின் மகளுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும் என்று தெரியும். ஊர்ப்பட்ட பிள்ளைகளின் குணம் எல்லாம் தெரியும். தன் மகளைப் பற்றி யோசித்தால் "சரிம்மா" என்ற சத்தம் மட்டும் கேட்டது. இந்த ஒரு வருடத்தில் விண்ணப்பத்தைத் தவிர அவளிடம் வேறு எதைப் பேசினோம் என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. டீச்சர் காத்திருந்தார்.

"ரொம்ப இளகின மனசு டீச்சர்" என்று ஆரம்பித்துவிட்டாள். "தெருவுல ஒரு நாய்க்குட்டிக்குக் கால் ஒடஞ்சு கெடந்துச்சு. ஸ்கூல் பையில இருந்த புத்தகத்தையெல்லாம் கையில எடுத்துக்கிட்டு, குட்டியைப் பையில போட்டுத் தூக்கிட்டு..."

"அது மருந்துக்கடைக்காரங்க பொண்ணு" என்றார் டீச்சர் மெதுவாக. "பையோட நேரா லேபுக்குத்தான் வந்தா. நான்தான் கட்டுப் போட்டேன்."

முடி உலர்த்துகிற இயந்திரம் பக்கத்து நாற்காலியில் ஓடிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நூலக்காவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மருந்துக்கடை அம்மா நாற்காலியில் படுத்தபடி சொன்ன கதை அது; திருடிய பொருளை உடைமைக்காரரிடமே விற்கப் போன மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல், மடியில் விழுந்த பவுடரைத் தட்டிவிட்டுக்கொண்டே பேசினார்.

"ஸ்கூல் விட்டப்புறம் லேபுல கொஞ்சம் பிள்ளைங்க இருப்பாங்க. தலைப்பிரட்டை வளக்கறோம். தண்ணி மாத்தணும், கண்ணாடி கழுவணும், பெரிசா ஒண்ணும் இல்லை. வேலை செய்யும்போது பேசுவாங்க, சண்டை போடுவாங்க. அப்படித்தான் எனக்கு அவங்களைத் தெரியும். தெரிஞ்சவங்களுக்குத்தான் என்னால எழுத முடியும். உங்க பொண்ணு வருஷ ஆரம்பத்துல ஒரு நாள் வந்தா. தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கலை. நாளைலேர்ந்து தெனமும் வரேன் மிஸ்ன்னா. அப்புறம் வரலை. நானும் ரெண்டு மூணு தடவை கூப்பிட்டேன். நேரம் இல்லைன்னு சொல்லிட்டா."

நூலக்காவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. மகள் ஓட்டமாக வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், லேபில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால்தான் முதலில் முளைக்குமாம் என்று என்னவோ சொன்னாள். சான்றிதழ் கொடுப்பார்களா என்று நூலக்கா கேட்டாள். இல்லை என்றாள் மகள். அப்புறம் எதற்கு, கீபோர்டுக்கு நேரமாயிற்று என்று அவளைக் கிளப்பிவிட்டாள். "சரிம்மா" என்றுதான் அன்றைக்கும் சொன்னாள். கடிதம் எங்கே கிடைக்குமோ அந்தக் கதவை, சான்றிதழ் வேண்டும் என்பதற்காக, தன் கையாலேயே சாத்தியிருக்கிறாள்.

அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதாள். எல்லாம் தன் தப்பு, பிள்ளை மேல் ஒன்றும் இல்லை, தன்னை மாதிரி அவளும் இந்த நாற்காலி பக்கத்தில் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது என்று என்னென்னவோ சொன்னாள். டீச்சர் பவுடர் தட்டுவதை நிறுத்தினார். எழுதுகிறேன் என்று ஏற்றுக்கொண்ட பிள்ளைகளே அதிகம் என்றார். பிறகு, "லீவுலயும் லேபைப் பாத்துக்க ஆள் வேணும். புதுசா முட்டை வந்திருக்கு. வரச் சொல்லுங்க. பழகிப் பாத்துட்டு எழுத முடிஞ்சா எழுதறேன். வாக்கெல்லாம் குடுக்கமாட்டேன்" என்றார்.

அது போதும். செத்துக்கொண்டிருந்தவளுக்கு உயிர் வந்தது. வலப் புருவத்தை முடிக்கிற அவசரத்தில் நூல் தோலைக் கொஞ்சம் கிழித்துவிட்டது. அவள் கையால் யாருக்கும் ரத்தம் வந்தது அதுதான் முதல் தடவை. டீச்சர் பஞ்சை வாங்கி அழுத்திக்கொண்டார்.

நூலக்கா முதலாளியம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, பேருந்துக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள். மகள் தரையில் உட்கார்ந்து கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். மாடி வீட்டுக்காரர்கள் சத்தம் போடுவார்கள் என்று ஒலியைச் சுத்தமாக அணைத்து வைத்திருந்ததால், கட்டைகள் தட்டுப்படுகிற ஓசை மட்டும் வந்தது. நூலக்கா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். நாய்க்குட்டிக் கதையை மட்டும் விட்டுவிட்டாள். கீபோர்டை நிறுத்திவிடலாம், நீச்சலை நிறுத்திவிடலாம், திங்கட்கிழமையிலிருந்து லேபுக்குப் போ, டீச்சர் பார்க்கிற மாதிரி நன்றாக வேலை செய் என்றாள்.

மகள் விரல்களைக் கட்டைகளிலிருந்து எடுத்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

நூலக்காவுக்குப் புரியவில்லை. அந்த வார்த்தையை மகள் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"ஏண்டி, நீதானே போகணும்னு கேட்டே?"

"கேட்டேன். இப்ப போனா கடிதத்துக்காகத்தான் வந்திருக்கேன்னு மிஸ்ஸுக்குத் தெரியும். தெரியாட்டியும் எனக்குத் தெரியும்ல? நீ எதைச் சொல்லு, போறேன். இன்னும் நாலு கிளாஸ்ல சேத்துவிடு, போறேன். அங்க மட்டும் வேணாம். எனக்குன்னு ஆசைப்பட்டது அது ஒண்ணுதான்மா. அதையும் அப்ளிகேஷன்ல சேத்துட்டியே."

நூலக்கா கெஞ்சினாள். அதட்டினாள். இது உன் வாழ்க்கைடி என்று தலையில் அடித்துக்கொண்டாள். காகித ஆலையில் கட்டு கட்டிய அப்பாவையும் கல்லூரி வாசல் காவலாளியையும் இழுத்துப் பேசினாள். மகள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கண்ணைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே மறுபடியும் "மாட்டேன்மா" என்றாள், அதட்டலே இல்லாமல்.

எப்படிப்பட்ட பொண்ணு என்று டீச்சர் கேட்டாரே, இதோ இப்படிப்பட்ட பொண்ணு. இதை இப்போதே போய்ச் சொன்னால் அந்த மனுஷி ஒருவேளை எழுதிவிடுவார். நூலக்காவின் கை தானாகவே போனை எடுத்துவிட்டது. மகள் தடுக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். நூலக்காவால் எண்ணை அழுத்த முடியவில்லை. போனைக் கவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு, அதைத் திரும்ப எடுத்துவிடாமல் இருப்பதற்காகக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு வருடத்தில் விண்ணப்பத்தைச் சேராத ஒரு கேள்வியை அவள் மகளிடம் கேட்டது அப்புறம்தான்.

"அந்தத் தலைப்பிரட்டை எல்லாம் என்னாச்சு?"

"தவளையாயிடுச்சு. ஒரு நாள் எல்லாரும் சேந்து தூக்கிட்டுப் போய் ஸ்கூல் பின்னாடி குளத்துல விட்டாங்களாம்" என்றாள் மகள். "நான் அன்னிக்கு நீச்சல் கிளாசுல இருந்தேன்."